கடவுளுக்கு ஒரு நோட்டீஸ்

2019 செப்டம்பரில் கார் விற்பனை படுத்துவிட்டது. சென்னைக்கு வந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அடுக்கிய காரணங்களில் ஓலாவும் ஊபரும் இருந்தன. இளசுகள் மாதத் தவணை கட்டி கார் வாங்காமல் வாடகை வண்டியில் போகிறார்களாம்!

டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தம் வீட்டில் வெங்காயம், பூண்டு அதிகம் புழங்குவதில்லை என்று மக்களவையில் தெரிவித்தார் அமைச்சர். ஆக, தப்பு சாம்பார் வைக்கிறவர்கள் மேல்.

2020 ஆகஸ்டில் ஜிஎஸ்டி இழப்பீட்டில் துண்டு விழுந்தது. மதிப்பீடு 2.35 லட்சம் கோடி ரூபாய். ஜிஎஸ்டி அமலாக்கத்தின் பங்கு 97,000 கோடிதான் என்றார்கள். மிச்சம் கொரோனா என்னும் ‘கடவுளின் செயல்’.

இழப்பீடு கேட்ட மாநிலங்களிடம், கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது டெல்லி. 1.38 லட்சம் கோடிக்குக் கடவுளுக்கே நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம். அவருக்குத்தான் ஜிஎஸ்டி எண் கிடையாதே!