மீனுக்கு மட்டும் வக்கீல் இல்லை

ஒகேனக்கலில் பரிசல் ஓடுமா, அருவியில் குளிக்கலாமா என்பதைத் தருமபுரிக்காரர்கள் பிலிகுண்டுலு கணக்கை வைத்தே தெரிந்துகொள்கிறார்கள். மத்திய நீர்வள ஆணையம் அங்கே உட்கார்ந்து காவிரியை விநாடிக்கு இத்தனை கனஅடி என்று அளக்கிறது. தண்ணீருக்கு அளவு உண்டு, ஆணையம் உண்டு, இரண்டு மாநிலத்து வக்கீல்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் உயிரோடு என்ன வருகிறது என்று ஒகேனக்கலில் கேட்டால், தட்டில் வறுவல் வரும்.

திமில் மஹசீர் என்றொரு மீன். காவிரியையும் அதன் துணையாறுகளையும் விட்டால் பூமியில் வேறெங்கும் கிடையாது. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கென் என்பவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு. இவ்வளவு பெரிய உருப்படிக்கு அறிவியல் பெயர் உறுதியானது 2018-இல்தான்: டார் ரெமாதேவி. அதே ஆண்டில் 'அழிவின் விளிம்பில்' என்று உலகச் செம்பட்டியலிலும் ஏறிவிட்டது. பெயர் சூட்டு விழாவையும் காரியத்தையும் ஒரே பந்தலில் முடித்தோம். உச்ச நீதிமன்றம் காவிரியைப் பங்கு பிரித்ததும் அந்த ஆண்டுதான். சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி. ஒதுக்கியிருக்கிறார்களாம். மீனே, உன் பங்கு வந்து சேர்ந்ததா?

இந்த மீன் குறைந்துகொண்டே போகிறது என்று எந்தத் துறையும் கண்டுபிடிக்கவில்லை. ஒகேனக்கலுக்கு மேலே, கர்நாடகத்தின் கலிபோர் முகாமில் காசு கட்டித் தூண்டில் போட்டவர்கள் பிடித்ததை எடை போட்டு, ஆற்றிலேயே விட்டு, நோட்டில் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையான அந்தக் கணக்குதான் ஆராய்ச்சியாளர்களுக்கு உண்மையைச் சொன்னது. முன்பு திருட்டு மீன் பிடித்த உள்ளூர்க்காரர்களுக்கு முகாம்களில் வேலையும் கிடைத்தது. பிறகு சட்டம் விழித்தது. சரணாலயத்துக்குள் தூண்டிலும் வேட்டையாம், மூடு! மூடினார்கள். நோட்டு போனது, காவல் போனது. ஆற்றில் தோட்டா வெடித்து மீன் பிடிக்கிறவன் என்றைக்கு முகாமில் அறை எடுத்தான், அவனை வெளியேற்ற?

தூண்டில்காரர்களும் மகாத்மாக்கள் இல்லை. மீனைப் பெருக்குகிறோம் என்று லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மஹசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் கொட்டினார்கள். வந்த மீன் பெருகியது, சொந்த மீன் ஒடுங்கியது. அதற்குப் பெயர் பாதுகாப்பு! வெடி வைத்தவனாவது அந்த வார்த்தையைச் சொல்லி வெடி வைக்கவில்லை.

2022-இல் தமிழக அரசும் தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அறிவிக்கை காகிதத்தில் வருகிறது, தோட்டா தண்ணீருக்குள் வெடிக்கிறது. ஒரு வெடியில் பெரிய மீனோடு விரல் நீளக் குஞ்சும் வயிறு மேலாக மிதக்கும். கரையில் நிற்கிறவனுக்குக் கையில் அகப்படுவது சில. மிச்சம் ஆற்றோடு போகும். அந்தக் கனஅடியை அளக்க ஒரு கருவி உண்டா?

தண்டனை இல்லாமலா? 1897-லேயே வெள்ளைக்காரன் மீன்வளச் சட்டம் எழுதிவிட்டான்: ஆற்றில் வெடி வைத்தால் இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். இன்று ஒகேனக்கலில் ஒரு குடும்பம் வறுவல் தின்றுவிட்டு எழுந்தால் அதைவிடக் கூட ஆகிறது. அந்த 200-உம் கொடுமை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். காவிரி வழக்கில் பழகிய வக்கீல்களுக்கா பஞ்சம்?