ஜாடிக்குள் ஒரு துண்டுச்சீட்டு

நான் விலங்கியல் படித்த காலத்தில் மாணவர்களை மண்டபம் கடற்கரைக்கு அழைத்துப் போனதே சேகரிக்கத்தான். கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் நீரில் இறங்குவோம். கூட வரும் மீனவர், "தம்பி, சொறி மீன் கிடக்கும், பார்த்துக் கால வைங்க" என்று எச்சரித்தபடியே ஐவிரல் சங்கு, கடல் அட்டை, கடல் குதிரை என்று எடுத்துத் தருவார். கடல் சாமந்தியை உடனே பார்மலினில் போட்டால் சுருங்கிப்போகும். எப்சம் உப்பு கலந்த நீரில் அதை மெல்ல மயங்க வைத்து, இதழ் விரிந்த நிலையிலேயே பதப்படுத்துவோம். சங்கு, சிப்பிகளுக்குப் பார்மலின் ஆகாது, நாளடைவில் அமிலமாகிச் சுண்ணாம்பு ஓட்டை அரித்துவிடும். அவற்றுக்கு ஆல்கஹால்தான்.

எங்கள் பேராசிரியர் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். எந்த இடம், எந்த நாள், யார் எடுத்தது என்று தடித்த காகிதத்தில் பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போட்டாக வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும், மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். சீட்டு இல்லாத ஜாடியை அவர் அலமாரியில் ஏற்றவே மாட்டார்.

ராமேஸ்வரம் கடைகளில் விற்றவற்றுக்கு அப்படி எதுவும் கிடையாது. அமிலத்தில் மேல்தோல் உரித்துப் பளபளப்பாக்கிய சங்குகளையும், வெளுத்த பவளக் கொத்துகளையும் வீட்டு ஷோகேஸுக்காக மக்கள் அள்ளிப் போனார்கள். சுண்ணாம்புக்காகவும் பவளத்தை வெட்டினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீருக்குள் மூழ்கியதற்கு அந்த வெட்டு முக்கியக் காரணம்.

1986இல் அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை, வேளா மீன் எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் வரிசையில் சேர்ந்தன. கடல் அட்டையை நம்பியிருந்த குளியாட்களின் பாடு தனியாக எழுத வேண்டியது. ஆனாலும் சட்டம் வந்தது சரி என்றே உறுதியாகச் சொல்வேன். இன்றைய மாணவர்கள் படம் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்புவதும் சரி.

என் கவலை பழைய ஜாடிகளைப் பற்றியது. ஒரு கல்லூரியில் பார்மலின் வற்றிய ஜாடிகளை இடத்தை அடைக்கிறது என்று அப்புறப்படுத்தியதைக் கண்ணால் பார்த்தேன். வேளா மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரம்பக் கொம்பை நட்டுப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை பதிவு செய்திருக்கிறது. அந்த மீன் இன்று நம் கடலில் அரிதிலும் அரிது. காய்ந்த கொம்பிலிருந்துகூட இன்று மரபணுவைப் பிரித்தெடுக்க முடியும். ஆனால் எந்தக் கடற்கரையில், எந்த ஆண்டு பிடிபட்டது என்ற குறிப்பு இருந்தால்தான், அந்த மீன் எங்கெல்லாம் வாழ்ந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியும். இனி யாரும் இத்தகைய மாதிரிகளைப் புதிதாகச் சேகரித்து வரப்போவதில்லை. இருப்பதுதான் மிச்சம்.

கல்லூரி விலங்கியல் துறைகளில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அலமாரியைத் திறந்து பாருங்கள். திரவம் வற்றியிருந்தால் ஊற்றுங்கள். சீட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் பதிவேட்டில் படியெடுத்து, படமும் எடுத்து வையுங்கள். வைத்துக்கொள்ள முடியாது என்றால், தூக்கிப் போடுவதற்கு முன் வனத்துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.