முதல் ஆறு இலக்கங்கள்

கேள்வி: இணையத்தில் கடனட்டை கொடுத்துப் பொருள் வாங்கலாமா? (சாமிமலை)
பதில்: கடையைப் பொறுத்தது. மஸ்கெலியா டவுனிலும் அப்படித்தானே!

கேள்வி: எந்த அட்டை நல்லது? (நல்லதண்ணி)
பதில்: வரம்பு குறைந்தது.

கேள்வி: இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாமா? (நோர்வூட்)
பதில்: நீங்கள் தட்டும் எண்ணை வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு. மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. அந்தப் பூட்டு திருடனுக்கும் கிடைக்கும், அதுவும் இலவசமாக.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவர் என் அட்டையின் முதல் ஆறு இலக்கங்களைச் சரியாகச் சொன்னார். வங்கிக்காரர்தானே? (பொகவந்தலாவை)
பதில்: ஆஹா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்! உலகத்தில் உள்ள விசா அட்டை அத்தனையும் 4இல்தான் தொடங்கும். அடுத்து வரும் இலக்கங்கள் எந்த வங்கி, எந்த வகை அட்டை என்று காட்டும். அதே வங்கியில் அதே வகை அட்டை எடுத்த உங்கள் கிளாக்கர் ஐயாவுக்கும் டீமேக்கர் ஐயாவுக்கும் அதே ஆறுதான். கடைசி இலக்கமும் வெறும் கணக்கு. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமை கேட்ட கணக்கு அது. முன்னால் உள்ள இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று இரட்டித்துக் கூட்டினால், கடைசி இலக்கம் என்னவாக இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஓர் எண்ணைத் தப்பாகத் தட்டியதும் கணினி கத்துவது அதனால்தான். ஆக, அட்டை எண்ணின் பதினாறு இலக்கத்தில் ஏழு போக மிஞ்சிப்போனால் ஒன்பதுதான் உங்களுடையது. அந்த ஒன்பதையும் அட்டையின் பின்பக்கத்தில் உள்ள மூன்று இலக்கத்தையும் கறக்கத்தான் ஆறை முதலில் ஒப்புவித்திருக்கிறார்!

கேள்வி: அந்தப் பின்பக்க மூன்று இலக்கத்தைக் கடைக்காரர் குறித்து வைக்கலாமா? (ஹட்டன்)
பதில்: கூடாது. கொடுப்பனவுக்கு அனுமதி கிடைத்த பிறகு அதைச் சேமித்து வைக்கவே கூடாது என்பது அட்டை நிறுவனங்களின் விதி. போன வாரமும் சொன்னேன், அடுத்த வாரமும் சொல்வேன்: வாட்ஸ்அப்பில் அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லும் கடை நமக்கு வேண்டாம். பொருள் கைக்கு வந்த பின் காசு கொடுங்கள்.

கேள்வி: மகன் அனுப்பிய பார்சலுக்குக் காத்திருந்தேன். தபாலில் வந்திருக்கிறது, சிறு தொகை கட்டுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தது. அட்டை எண்ணையும் கைபேசிக்கு வந்த ஓடிபி என்ற ஒருமுறை எண்ணையும் தட்டிவிட்டேன். காசு போய்விட்டது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. (ஒரு தாய், மஸ்கெலியா)
பதில்: அம்மா, இன்றைக்கே மகனிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவன் திருடன். தபால் திணைக்களத்தின் பெயரில் இப்படிப் போலிச் செய்திகள் வருவதாகத் திணைக்களமே மக்களை எச்சரித்திருக்கிறது. அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்து முதலில் அட்டையை முடக்கச் சொல்லுங்கள். பிறகு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். பொலிஸுக்கும் போங்கள், இதற்கென்றே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஓடிபி கொடுத்த பிறகு காசு திரும்புவது கஷ்டம், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். இனி ஓடிபி வந்தால் அந்தச் செய்தியில் தொகையும் கடைப் பெயரும் என்னவென்று மகளையோ பேரனையோ வாசிக்கச் சொல்லிவிட்டுத் தட்டுங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935க்கு அழையுங்கள். தமிழில் பேச ஆள் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.