செருகியல்

செல்போனின் காதுத்துளைக்கு இதுவரை இலக்கணம் வகுத்தார் இல்லை. தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள செல் சர்வீஸ் கடைகளில் வழங்கும் பாகுபாடு ஒன்றே ஒன்று: ‘பின் போகுமா, போகாதா?’ பிழைப்புக்கு இது போதும், புலமைக்குப் போதாது. ஆகவே இந்நூல்.

முறையைத் தேடி வெளியூர் போகவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கியது. புல்லையும் மரத்தையும் முதல் படியில் வைத்தது, கறையானையும் எறும்பையும் மூன்றாம் படியில் வைத்தது, மனிதனை ஆறாம் படியில் ஏற்றியது. செருகிகளையும் அவ்வாறே அடுக்கலாம். ஹெட்செட் பின்னை வெளிச்சத்தில் பிடித்து அதன் உடலில் ஓடும் கறுப்பு வளையங்களை எண்ணுக.

ஒரு வளையம் உள்ளது ஓரறிவு. டிரான்சிஸ்டர் ரேடியோவோடு வந்த ஒற்றைக் காதுக் குமிழ் இவ்வினம். கூத்து மேடையில் மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரில் குத்தும் 6.35 மில்லிமீட்டர் பெரிய பின்னும் பெரும்பாலும் இவ்வினமே. அதுதான் குலமூதாதை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தொலைபேசி இணைப்பகங்களில் ஆபரேட்டர்கள் செருகிச் செருகிப் பிடுங்கியது அதன் வம்சம். இரு வளையம் ஈரறிவு: இடம் வேறு, வலம் வேறு என்று அறியும். 3.5 மில்லிமீட்டர் உருவில் இதை உலகம் சுற்றவைத்தது 1979-ல் வந்த சோனி வாக்மேன். மூன்று வளையம் மூவறிவு. கேட்பதோடு பேசவும் வல்லது, அதாவது மைக் உடையது. நாலறிவுக்கு நான்காம் வளையம் கிடையாது. வயரில் தொங்கும் பட்டன் மைக் கம்பியையே குறுக்கே இணைத்துப் போனுக்குச் சேதி சொல்லும். கோவில் திருவிழாக்களில் ஒரு காலத்தில் விற்றுத் தீர்ந்த செல்ஃபி குச்சி படம் பிடித்ததும் இந்த அறிவால்தான்.

மூவறிவு இனத்தில் ஒரு குலப்பகை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. நுனியும் அதை அடுத்த துண்டும் இரு காதுகளுக்கு. இதில் சண்டை இல்லை. மிச்சமிருக்கும் இரண்டு துண்டுகளில் எது மைக், எது எர்த் என்பதில் ஓ.எம்.டி.பி. குலம் ஒன்று சொல்லும், சி.டி.ஐ.ஏ. குலம் தலைகீழாகச் சொல்லும். பழைய ஹெட்செட்டைப் புதுப் போனில் செருகினால் நேர்வது இது: தபேலா கேட்கும், வயலின் ஓரமாகக் கேட்கும், பாடகரை மட்டும் காணோம். அஃது ஏன் எனின், எர்த் போய்ச் சேராததால் இரு காதுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். குரலோ இரு பக்கமும் சமமாகப் பதிவானது, கழித்தால் பூச்சியம். அப்போது பட்டனை அழுத்திப் பிடித்தால் பாடகர் உடனே வந்துவிடுவார், விட்டால் போய்விடுவார். கட்டைவிரலால் பட்டனை அழுத்திக்கொண்டே அரூர் வரை பாட்டுக் கேட்டுப் போகிறவர்களைப் பொறுமையில் சேர்ப்பதா, சிக்கனத்தில் சேர்ப்பதா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை.

நோயியல் சுருக்கமானது. ‘ஒரு பக்கம் கேக்கல’ என்பது பின்னின் கழுத்தில் வயர் முறிவது. கடைக்காரர் ரப்பரைச் சீவியதும் தலைமுடி மொத்தத்தில் சிவப்பு, பச்சை, செம்பு நிறக் கம்பிகள் தெரியும். அப்படியே ஈயம் வைத்தால் பிடிக்காது. நிறம் என்று நாம் நினைப்பது அரக்குப் பூச்சு. லைட்டரை ஒரு நொடி காட்டி, கருகியதை நகத்தால் வழித்துவிட்டுத்தான் பற்றவைப்பார். பின்னே இல்லாத போனில் ஹெட்செட் குறி தோன்றி ஸ்பீக்கர் ஊமையாவது இரண்டாம் நோய். துளைக்குள் பின் வந்ததை உணரும் தகட்டில் ஈரமோ சட்டைப்பைப் பஞ்சோ சிக்கியிருக்கும். பின்னை நாலு தரம் விட்டு எடுப்பதே முதலுதவி.

ஐந்தாம் அறிவுதான் இந்நூலின் மையம். தருமபுரி வானொலி 102.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த அலையின் நீளம் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் கால் பங்கு, ஏறத்தாழ 73 சென்டிமீட்டர் கம்பி, அதைப் பிடிக்க நல்ல அளவு. ஹெட்செட் வயரின் நீளமோ ஒரு மீட்டரைத் தாண்டும். அதையே ஏரியலாக வைத்துக்கொண்டன போன்கள். எனவே இரண்டு காதும் செத்த ஹெட்செட்டையும் விவரமறிந்தவர்கள் எறிவதில்லை. அதைப் போனில் செருகி, வயரை மாட்டுக்கொட்டகை ஆணியில் மாட்டி, ஸ்பீக்கரில் செய்தி கேட்பார்கள். கேட்கும் அறிவும் பேசும் அறிவும் போய், ஐந்தாம் அறிவு மட்டும் மிஞ்சிய உயிர் இது. மரபியலில் இதற்கு இடமில்லை. தொல்காப்பியரைக் குறை சொல்வதற்கில்லை. போனில் எஃப்.எம்.மை முடக்க வேண்டாம் என்று 2023-ல் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுரை வந்தது, துளை வரவில்லை.

ஆறாம் அறிவு சி-டைப். மனிதனைப் போல இதற்கு மனம் உண்டு, ஆதலால் மறுக்கவும் தெரியும். எண்ணாக இருக்கும் பாட்டை ஒலியாக்கும் சிப் சில போன்களில் சி-டைப் துளைக்கும் சேர்த்தே வேலை செய்யும். வேறு சிலவற்றில் செய்யாது; அவற்றுக்குக் கன்வெர்ட்டரிலேயே சிப் இருக்க வேண்டும். உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே வைரம் பாய்ந்தது புல் என்று மரபியல் பிரித்ததே, அதே பிரிவு. சிப் இல்லாத மலிவுக் கன்வெர்ட்டர் மரவகைப் போனில் பாடும், புல்வகைப் போனில் ‘ஆக்சஸரி ஏற்கப்படவில்லை’ என்று எழுத்தில் அவமானப்படும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கடைக்காரர் சொல்லும் ‘போட்டுப் பாத்து எடுத்துக்குங்கண்ணா’ என்பதைவிடச் சிறந்த நூற்பா இவ்விடத்தில் இல்லை.

ப்ளூடூத் அரூபி. உடல் இல்லாததால் படியும் இல்லை. தினமும் சார்ஜ் என்னும் படையல் கேட்கும், ஷேர் ஆட்டோவில் அடுத்தவர் ஸ்பீக்கரில் ஏறிக்கொள்ளும். அவ்வளவு போதும்.

இனி இன்மையியல். 2016-ல் ஐபோன் 7-இலிருந்து துளையை நீக்கியபோது ஆப்பிளின் ஃபில் ஷில்லர் மேடையில் சொன்ன காரணம் துணிச்சல். மெல்லிய உடம்பில் இடமில்லை என்றும் சமாதானம் வந்தது. 2018-ல் ஐபேட் புரோவிலும் துளை போயிற்று. சிலேட்டு அகல உடம்பில் இடமில்லையாம். இந்த உரையை நான் ஏற்கவில்லை. ப்ளூடூத் பட்ஸ் விற்க இடம் வேண்டியிருந்தது என்பதே என் உரை. நம் கடைகளில் இன்று செல்லும் விதி எளிது: விலை ஏற ஏறத் துளை மறையும். பத்தாயிரம் ரூபாய்ப் போனில் இருப்பதை லட்ச ரூபாய்ப் போனில் காண முடியாது. அந்தத் துளையற்ற ஐபோன் கூடுகள் ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் உருவாகின்றன. 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும்வரை ஓசூரும் தருமபுரி மாவட்டமே. ஆகவே இன்மையையும் இம்மாவட்டத்து விளைபொருள்களில், மாங்காய்க்கும் தக்காளிக்கும் அடுத்ததாகச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு.

புறனடை: மேற்சொன்ன எதிலும் அடங்காத வகை ஒன்று சேலம் பஸ்ஸில் ஜன்னலோரமாகக் காணப்படும். இரு காதிலும் ஹெட்செட் இருக்கும், வயர் சட்டைக்குள் இறங்கும், பின் எதிலும் செருகப்பட்டிராது. பக்கத்து சீட்டுக்காரரின் ‘தம்பிக்கு எந்த ஊரு?’ என்பதிலிருந்து தப்புவதே இதன் பயன். அடையாளம் காண்பது சுலபம். கண்டக்டர் ‘தொப்பூர் இறங்கு’ என்றதும் முதலில் எழுந்திருப்பவர் அவர்தான்.