‘புஸ்’ஸா ‘உஸ்’ஸா: பெட்ரோல் ஆவி குறித்ததோர் ஆராய்ச்சிப் பாயிரம்

மோட்டார் காரினுள் பெட்ரோல் வாசனை வீசுமாயின், அதனை முதலில் உணர்பவர் பின்னிருக்கையில் அமர்ந்த இல்லத்தரசியார் என்பதும், இறுதிவரை மறுப்பவர் காருக்குச் சொந்தக்காரர் என்பதும் இத்துறையில் சர்ச்சைக்கு அப்பாற்பட்ட பிரமாணங்களாம். கிருஷ்ணகிரியினின்று ஓசூர் வரையுள்ள ஏறத்தாழ 50 கிலோமீட்டரும் மேட்டுநிலம் நோக்கிய பயணமாதலின், ஏற ஏறக் காற்றழுத்தம் குறைய, சித்திரை வெயிலிற் காய்ந்த டேங்கினின்றும் ஆவி மிகுந்தெழும். எழுந்த ஆவி குழாய்வழியே கேனிஸ்டர் என்னும் கரிச்சிமிழை அடைந்து, கரியில் ஒட்டிக்கிடந்து, இன்ஜின் ஓடுங்கால் வால்வு திறக்க உறிஞ்சப்பட்டு எரிந்துபோதலே அதன் தர்மம். அத்தர்மத்தினின்று வழுவிய ஆவியே வாசனையாவது. புகைச் சான்றிதழ் உளதே எனின், அது சைலன்ஸரை மட்டும் முகர்ந்து வழங்கப்படுவது.

கசிவிடம் நான்கு. ஹோஸ் விரிசல் விடும். பம்ப் வாசர் பின்னிருக்கைக்கடியில் ஒளிந்திருக்கும். கேனிஸ்டரோ, பங்க்கில் நாஸில் தானே நின்றுவிட்ட பின்னும் “ரவுண்டா போடுப்பா” என்பாரால், ஆவிக்குப் பதில் பெட்ரோலையே குடித்துக் கெடும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடும் முறையும் ஒன்றுண்டு. அதனைக் கையாண்ட ஆசிரியர் எவரும் நூல் இயற்றிலர்.

நான்காவது, மூடி. அதனைத் திறக்குங்கால் எழும் ஒலி ‘புஸ்’ஸா, ‘உஸ்’ஸா என்பதில் ஜூஜூவாடி எல்லைக்கு இருமருங்கும் இரு பக்ஷங்கள் உள. ‘புஸ்’ பக்ஷத்தார், அத்திப்பள்ளியில் டீ கிளாஸுக்கு அடியில் வைத்திருந்த ரசீதின் பின்புறப் பென்சிற் குறிப்பைச் சான்று காட்டுவர். ‘உஸ்’ பக்ஷத்தாரோ, சூளகிரிப் பட்டறையொன்றில் கிரீஸ் படிந்த தினசரித்தாளின் விளிம்பில் எழுதப்பெற்று, பின்னர் அத்தாளிலேயே போண்டா பொதியப்பட்டமையால் முதலெழுத்து எண்ணெயில் கரைந்துபோன பிரதியை முன்வைத்து, கரைந்தது உகரமே எனச் சாதித்து, இல்லாத எழுத்தைப் பற்றிப் பல அத்தியாயங்கள் வரைந்து பட்டமும் பெறுவர். நண்பகலில் ஆவி வெளியே பாய்தலும், வைகறைக் குளிரில் காற்று உள்ளே பாய்தலும் உண்டாகலின் இருசாராரும் மெய்யே கூறினர்; ஆயினும் இருவேளையும் திறந்து பார்ப்பது ஆராய்ச்சி மரபன்று.

என் காரின் மூடியோ எவ்வேளையிலும் மௌனம் சாதித்தது. சிப்காட் அருகே ஒரு மெக்கானிக்கிடம் இரு பாடங்களையும் விரித்துரைத்தேன். அவர் மூடியைத் திருகியெடுத்து, ரப்பர் வளையத்தைக் கட்டைவிரல் நகத்தாற் கீறி, உதிர்ந்த கருந்தூளைக் காட்டி, “சத்தமே வரல பாருங்க சார், அதான் கம்ப்ளெயின்ட். வாசர் காஞ்சு போச்சு” என்றார்.

புதுமூடி போட்டு, மறுநாள் உச்சிவேளையில் திறந்தேன். ஒலி எழுந்தது. என் செவிக்கு அது ‘பிஸ்’ என்றே பட்டது. பின்னிருக்கையார் ‘டுஸ்’ என்கிறார்.