ரிமோட்டில் இடைச்செருகல்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலம் ஒரு சாண் நீள ரிமோட். வெள்ளையாக இருந்து மஞ்சளானது. கிடைத்த இடம் அம்பத்தூரில் ஒரு குடியிருப்பின் மேல்மாடி, என் அம்மாவின் தலையணைக்கு அடியில். காலம் கத்திரி. பின்மூடியைக் காணோம், பேட்டரி இரண்டையும் ஒரு ரப்பர் பேண்ட் தாங்குகிறது. மேலே காட்டும் அம்பும் கீழே காட்டும் அம்பும் தேய்ந்து மழுங்கிவிட்டன. ‘மோடு’ என்ற பொத்தான் மட்டும் கடையிலிருந்து வந்த நாள்போலப் பளபளக்கிறது. அதன்மேல் எவர் விரலும் பட்ட தடயமில்லை. வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

இரவு 10 மணிக்கு என் மனைவி 24 என்று வைப்பார். அதை மூலபாடம் என்று கொள்வோம். 12 மணிவாக்கில் கல்லூரியில் படிக்கும் மகன் 20 ஆக்குவான், அது பாடபேதம். 2 மணிக்கு அம்மா எழுந்து 28 ஆக்குவார். அது உரையாசிரியர் திருத்தம். விடியற்காலை 4 மணிக்குப் பார்த்தால் 22 இருக்கும். அது யார் கைவண்ணம் என்று ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. பதிப்புலகில் இதற்கு இடைச்செருகல் என்று பெயர். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடு ஏடாக ஒப்புநோக்கினார். ஆனால் அத்தனை ஏட்டிலும் இருந்தது ஒரே நூல். என் நிலைமை இன்னும் மோசம். ஏடு ஒன்று, இரவு ஒன்று, நூல் நான்கு.

24 என்ற பாடத்துக்கு அரச முத்திரை உண்டு. ஏசியின் நெற்றியில் நட்சத்திரம் ஒட்டுகிற பிஇஇ என்னும் எரிசக்தித் திறன் பணியகத்தின் விதிப்படி, 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறி பெற்ற அறை ஏசிகள் 24இல்தான் தொடங்க வேண்டும். தொடங்க வேண்டும், அவ்வளவுதான். அங்கேயே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், ஏசிகளை 20க்குக் கீழும் 28க்கு மேலும் போகவிடாமல் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்தார். செய்தி வந்த அன்று மகன் முகம் வாடியது. அம்மா, “28 வரைக்கும் வுட்டுட்டாங்கல்ல, கவர்மெண்டு நம்ம சைடுதான்” என்றார்.

இனி அந்த எண்ணின் பொருள். அது நம் உடம்பின் சூடு அல்ல, கட்டிலின் சூடும் அல்ல. ஏசி தனக்குள் இழுக்கும் காற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது. அதாவது கூரைக்கு ஒரு முழம் கீழே, யாரும் படுக்காத இடத்தின் வெப்பநிலை. அதைச் சரிபார்க்கக்கூடிய ஒரே உயிர் பல்லி. எங்கள் வீட்டுப் பல்லியிடம் இதுவரை முறைப்பாடு ஏதும் இல்லை.

சிலப்பதிகாரத்தில் வேனிற் பள்ளி, கூதிர்ப் பள்ளி என்று இருவகைப் படுக்கையிடங்கள் வருகின்றன. ஒன்று கோடைக்கு, மற்றது குளிருக்கு. புகார் நகரத்தார் அவற்றுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கிய வசதிக்காரர்கள். எங்களுக்கு இரண்டும் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள்ளேயே இருக்கின்றன. அம்மாவின் கட்டில் ஏசிக்கு நேரெதிர். காற்று நேராக முகத்தில் வந்து மோதும். அது கூதிர்ப் பள்ளி. மகன் பாய் போடுவது ஏசிக்கு நேர் அடியில். காற்று அவன் தலைக்கு மேலேயே பறந்து போய்விடும். அது வேனிற் பள்ளி. நள்ளிரவில் 20க்கும் 28க்கும் நடக்கும் போரை நான் பல வருடம் தலைமுறைச் சிக்கல் என்று நினைத்திருந்தேன். படுக்கையை மாற்றிப் போட்ட அன்று அம்மா 20 கேட்டார், மகன் போர்வை கேட்டான்.

இங்கே ஒரு மூடநம்பிக்கையையும் தீர்த்துவிட வேண்டும். 18 என்று வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது மகன் கட்சி. எங்கள் வீட்டில் இருப்பது இன்வெர்ட்டர் இல்லாத பழைய வண்டி. அதன் கம்ப்ரசருக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியும். வேகமாக ஓடத் தெரியாது. 18 போட்டால் விடாமல் ஓடும், அவ்வளவே.

இப்போது திணைக்கு வருவோம். மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில், மெரினாவில் நண்பகலை ஒட்டி ஏறும் கடற்காற்று ஊரெல்லாம் நின்று நின்று, பாடி மேம்பாலம் தாண்டி எங்களை எட்டும்போது பொழுது சாய்ந்திருக்கும். சில நாள் வந்தே சேராது. அதற்குள் மொட்டைமாடி காங்கிரீட் நாள் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, இரவெல்லாம் அதை எங்கள் தலையில் இறக்கும். தாமதமாக வந்த காற்றும் வெறுங்கையோடு வருவதில்லை. வங்கக்கடலின் ஈரத்தை மூட்டை கட்டிக்கொண்டு வரும். வெயிலைத் தணிக்க வந்தது புழுக்கத்தை வைத்துவிட்டுப் போகும்.

தமிழில் வெயில் வேறு, வெக்கை வேறு, அனல் வேறு, இறுக்கம் வேறு, கசகசப்பு வேறு. புழுக்கம் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. நெல்லை நீராவியில் வேகவைத்தால் புழுங்கல் அரிசி, மனிதனை வேகவைத்தால் புழுக்கம். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அம்மா அதை “நல்ல வெயிலு” என்பதோடு முடித்துவிடுவார். தாங்கவே முடியாதது என்று அவர் சொல்வது மழை வராமல் ஏமாற்றும் செப்டம்பர் இரவுகளை. இத்தனை சொல் இருக்கும் ஊரில் ரிமோட்டுக்கு ஒரே ஒரு எண்தான் தெரிகிறது.

புழுக்கமான இரவில் இங்கே பனிப்புள்ளி 25 டிகிரியை ஒட்டி நிற்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளைக் கண்டாலும் காற்றுக்கு வியர்த்துவிடும். நம் வியர்வைக்கு மட்டும் போக வழி இருக்காது. ஏசிக்குள் இருக்கும் காயில் இந்தப் புள்ளிக்கு வெகு கீழே குளிர்ந்து கிடக்கிறது. காற்று அதன்மேல் உரசும்போது ஈரத்தை உதறிவிட்டுப் போகிறது. குழாய் வழியே சொட்டுவது அதுதான். எங்கள் குழாய் முன்பு கீழ்வீட்டுக்காரர் ஜன்னல் சன்ஷேடில் சொட்டி ஒரு சச்சரவானது. அன்றிலிருந்து அதன் அடியில் ஒரு பக்கெட். அந்தத் தண்ணீர் துளசிக்கும் மாடிக் கத்தரிக்கும் போகிறது. பக்கெட் அம்மா துறை. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆய்வாளனுக்கு ஏற்பட்ட முதல் சறுக்கல் அது.

ஏசியின் தோற்றமே இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். கோடை ஈரத்தில் காகிதம் உப்பியது, சுருங்கியது. ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், காற்றின் ஈரத்தைக் கட்டுக்குள் வைக்க ஓர் ஏற்பாடு செய்தார். நாம் இன்று போர்வைக்குள் அனுபவிப்பது காகிதத்துக்காகக் கண்டுபிடித்தது. இதை என் மைத்துனனிடம் சொன்னேன். ஆவடியில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. அவனுக்கு ஆச்சரியமே இல்லை. “இன்னிக்கும் அப்படித்தான் மாமா. மிஷின் ரூம்ல ஏசி பேப்பருக்கு. நாங்க ஓரமா ஒட்டிக்கிட்டு நிக்கறோம்” என்றான்.

பளபளக்கும் அந்த ‘மோடு’ பொத்தானுக்கு இப்போது வரலாம். அதை அழுத்திக்கொண்டே போனால் ஒரு நீர்த்துளிப் படம் வரும். அதுதான் டிரை மோடு: விசிறி மெதுவாகும், குளிர்ச்சியைவிட ஈரம் இறக்குவது முதல் வேலையாகும். கேரியர் கண்ட சாரம் அந்தத் துளிக்குள் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஏன் எவரும் அதைத் தொடவில்லை என்று விசாரித்தேன். “தண்ணி படம் போட்டிருக்கேடா. அமுக்கினா உள்ளேர்ந்து தண்ணி கொட்டாதா?” என்றார் அம்மா. மனைவியும் மகனும் சிரிக்கவில்லை. அவர்களும் அப்படியே நினைத்திருந்தார்கள் என்று ஊகிக்கிறேன்.

ஆவடிக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும். 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. அந்த மண்ணின் சாரமோ என்னவோ, மைத்துனன் வீட்டில் ரிமோட் பொதுவுடைமை. 26இல் வைத்து, மேலே மின்விசிறியை 2இல் ஓடவிட்டு, ரிமோட்டைச் சாமி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இரவில் திருத்தம் கிடையாது. இதன் பின்னால் இருப்பது சித்தாந்தம் அல்ல, ஈபி பில். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணைப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருந்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடுவதால், அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். பிறகு கட்டணம் ஏறியது. அப்போதும் படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை. மைத்துனன் மனைவி மாதக் கடைசியில் மீட்டரின் முன் நிற்கும் நிற்பைப் பார்த்தால், ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று பிஇஇ சொல்வதெல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை என்பது புரியும்.

பூந்தமல்லியில் என் சித்தப்பா. பத்துக்குப் பத்து அறைக்கு 2 டன் ஏசி வாங்கினார். டன் என்பது பனிக்கட்டிக் கணக்கு: ஒரு நாளில் 2,000 பவுண்டு பனிக்கட்டி உருகும்போது இழுக்கும் வெப்பம் ஒரு டன். அதாவது சித்தப்பா ஒரு நாளைக்கு 1,800 கிலோ பனிக்கட்டியைத் தம் தலைமாட்டில் இறக்கிக்கொண்டார். 1842இல் எழுந்த ஐஸ்ஹவுஸில், பாஸ்டனிலிருந்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வாங்கிய மதராஸ் துரைமார்களுக்கும் இந்த யோகம் இல்லை. “குளிருதுடா, ஆனா கசகசங்குது” என்பது அவர் குறை. காரணம் அதே 2 டன். அறை சின்னது, ஏசி சட்டென்று எண்ணைத் தொட்டுவிட்டு நின்றுவிடும். ஈரம் இறங்க நேரம் கிடைப்பதில்லை. கம்ப்ரசர் நின்ற பிறகும் விசிறி ஓடுவதால், காயிலில் தங்கிய நீரும் அறைக்கே திரும்பி வரும். அவர் எண்ணை இன்னும் இறக்குவார். குளிர்ந்த புழுக்கம் என்ற புதுவகை பூந்தமல்லியில் இவ்வாறு தோன்றியது.

இது அவர் செய்திருக்கக் கூடாத தவறு, ஏனென்றால் அவர் ஊர்க்காரர் ஒருவர் இந்தப் பாடத்தை ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெளிவாக்கியிருக்கிறார். ராமானுஜருக்கு ஆசிரியராக விளங்கிய திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லி என்ற இந்தப் பூந்தமல்லியில் பிறந்தவர். பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் அவருடையது. முதலில் ஸ்ரீரங்கம் போனாராம். காவிரிக் காற்றே போதும் என்றாராம் அரங்கன். திருமலைக்குப் போனார்; மலையே குளிர்ச்சி என்றாராம் வேங்கடவன். காஞ்சிபுரத்தில், யாகத் தீயிலிருந்து தோன்றிய வரதராஜர்தான் அந்த வெப்பத்துக்கு விசிறியை ஏற்றுக்கொண்டார் என்கிறது செவிவழி மரபு. பக்தர்கள் இதில் பக்தியைக் காண்கிறார்கள், அது சரிதான். ஆனால் தட்பவெப்பம் படிப்பவன் பார்வையில் இது கறாரான கள ஆய்வு. மூன்று ஊர், ஒன்றில் ஆறு, ஒன்றில் மலை, ஒன்றில் அனல். இடத்தைப் பார்த்த பிறகே எந்திரம். எந்த ஊருக்கும் அவர் எண் எதுவும் சொல்லவில்லை. வியர்வை ஆற வேண்டுமென்றால் காற்று நகர வேண்டும் என்பது மட்டுமே அவர் கைவசம் இருந்த விதி. சித்தப்பா வாரம் தவறாமல் தம் ஊர்ப் பெருமாள் கோயிலுக்குப் போகிறார். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஏசி போடுகிறார். இரண்டும் ஓடினால் கரண்ட் வீண் என்பது அவர் துணிபு.

ஆவடியையும் பூந்தமல்லியையும் பார்த்துவிட்டு நான் வீடு திரும்பி, கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னேன். 26 வைப்போம், டிரை மோடு போடுவோம், மின்விசிறி ஓடட்டும். அம்மா கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார். “நம்பர்ல என்னடா இருக்கு, நான் பக்கெட்டைத்தான் பாப்பேன்” என்றார்.

விசாரித்ததில் விவரம் வெளிவந்தது. ஐந்து வருடமாகத் தினமும் காலையில் அவர் பக்கெட்டை எட்டிப் பார்க்கிறார். கழுத்து வரை இருந்தால் எல்லோரும் நன்றாகத் தூங்கிய இரவு. பாதி இருந்தால் யாரோ ரொம்ப ஏற்றி வைத்து, கம்ப்ரசர் சும்மா கிடந்திருக்கிறது. அன்று வீட்டில் எரிச்சல் இருக்கும், சாம்பாரில் உப்பைக்கூடக் குறை சொல்வார்கள். வழிந்தால் இன்னொரு காரணம். இத்தனையும் ஒரு பத்து லிட்டர் நீல பக்கெட்டில், துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில்.

நேற்றிரவு வெளிக்காற்றில் எவ்வளவு ஈரம் என்று முகத்தால் அளக்க, 1 மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். குறிப்பெடுத்தேன். மூட மறந்து தூங்கிவிட்டேன். காலையில் சர்வீஸ் பால்கனியிலிருந்து குரல் வந்தது.

“பக்கெட்டு வழியுது. ராத்திரி யாரு ஜன்னலைத் தொறந்தது?”

மகன் என்னைப் பார்த்தான். மனைவி என்னைப் பார்த்தார். நான் 4 மணிக்கு 22 வைப்பவர் யாரென்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்தினேன்.