பசிபிக் சம்பந்தம்

கேள்வி: அட்லாண்டிக் ஓரத்தில் இருக்கும் பிரிட்டனுக்குப் பசிபிக் வர்த்தகக் கூட்டணியில் என்ன வேலை?

பதில்: பக்கத்து வீட்டோடு உறவை முறித்துக்கொண்டவர் ஏழு கடல் தாண்டிச் சம்பந்தம் தேடிய கதைதான். 2024 டிசம்பரில் சிபிடிபிபி எனப்படும் அந்தக் கூட்டணியின் 12-ஆவது உறுப்பினரானது பிரிட்டன். லாபம்? அந்நாட்டு அரசே 2021-இல் போட்ட கணக்கில், நீண்ட காலத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.08 சதவீதம். அச்சுப்பிழை அல்ல. பழைய 11 உறுப்பினர்களில் மலேசியா, புருனே தவிர மற்ற எல்லோருடனும் பிரிட்டனுக்கு ஏற்கெனவே தனி ஒப்பந்தம் உண்டு. புதிதாகத் திறந்தது பெரும்பாலும் மலேசியக் கதவுதான். அங்கே விஸ்கிக்கு இருந்த சுமார் 80 சதவீத வரி படிப்படியாக நீங்கும். பதிலுக்குப் பாமாயில் வரியின்றி வரும். பாமாயில் தோட்டங்களுக்காக நடக்கும் காடழிப்பை எதிர்ப்பவர்கள் முகம் சுளித்ததில் நியாயம் உண்டு.

‘ஆசியா வளர்கிறதே’ என்பார்கள். வளரட்டும், கையெழுத்துப் போட்டு ரத்து செய்யத் தூரம் என்ன வரியா? ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டால் நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்பது பிரிட்டனின் பட்ஜெட் கண்காணிப்பு அமைப்பின் மதிப்பீடு. அந்தப் பள்ளத்தை 0.08 நிரப்பாது. உருப்படியான லாபம் வேறிடத்தில் இருக்கிறது: புதிதாக யார் சேரவும் எல்லா உறுப்பினர்களும் சம்மதிக்க வேண்டும். 2021-இல் விண்ணப்பித்த சீனாவும் தைவானும் இனி லண்டன் தலையாட்டவும் காத்திருக்க வேண்டும்.